உங்கள் இடது கால்

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் மன்னித்துவிடுங்கள். உங்கள் இடது காலை நான் உடைத்துவிட்டேன்.

இந்த வீட்டை நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடம் தம்பதிகளுக்குத்தான் கொடுக்கிறது. "நீ முன்னாடி போ, பின்னாடியே வந்துடறேன்" என்று நீங்கள் சொன்னதால் இரண்டு பேர் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆகிவிட்டது. எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் தினமும், "எங்கம்மா உன் வீட்டுக்காரர்? பெட்டியில ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று கேட்பார். ஒருநாள் தாங்காமல், நீங்கள் மாடிப்படியில் விழுந்து கால் உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து உங்களுக்கு இங்கே பலத்த கவனிப்பு. நீங்கள் வந்தால் வழுக்காமல் இருக்க, டீச்சரின் கணவர் குளியலறைச் சுவரில் கைப்பிடிகூட அடித்துக் கொடுத்துவிட்டார். குளிக்கும்போது நான்தான் அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் வரும் தேதியை மாதக் கடைசிக்குள் எழுதித் தராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். வீடு போனால் போகட்டும், எனக்கு ஒரு அறை போதும். போன வாரம் உங்கள் போனை உங்கள் அக்காதான் எடுத்தார். "அவன் குளிச்சிட்டிருக்கான்" என்றார். அதற்கு முந்தைய வாரமும் நீங்கள் குளித்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

இன்று மாலை டீச்சர், "போன் போடு, நானே நலம் விசாரிக்கிறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதம்மா. பாவம், நொண்டி நொண்டி வந்து எடுக்கணுமில்ல? இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."

உங்கள் மனைவி