தம்பிக்கு எந்தப் பதிப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம்தான், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தம்பி நலம் என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டால் நீ போன் போட்டுச் சண்டைக்கு வருவாய், அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், போன மாதம் எப்படி இருந்தானோ அப்படியே இருக்கிறான், அதைவிட மோசமாகவில்லை, இப்போதைக்கு எங்களுக்கு அதுவே நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனை எடுத்தால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், தம்பி வேறு பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான், அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றி என்னத்தைப் பேசுவது. அதனால் கடையில், பிரித்துப் போட்ட எடை மிஷின்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

நீ ஒரு வேலை சொல்லியிருந்தாய். தம்பி சின்ன வயதில் உயிராய்க் கிடந்து, முடிவு தெரியாமலே விட்டுப்போன இரட்டை நிழலன் படக்கதைகளை இப்போது தொகுத்துப் போட்டிருக்கிறார்களாம், இரண்டு விதமான பதிப்பு வந்திருக்கிறதாம், டயாலிசிஸ் நாட்களில் ஊசி குத்திய கையை அசைக்காமல் மணிக்கணக்கில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறானே, அவனுக்கு எது பிடிக்கும் என்று நைசாக விசாரித்துச் சொல்லுங்கள் அப்பா, நான் வாங்கி அனுப்புகிறேன் என்றாய். நைசாக விசாரிப்பதற்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று உனக்கே தெரியும். நான் விசாரிக்கவில்லை. நேராகப் புத்தகக் கடைக்குப் போய், பார்த்து, நானே வாங்கிவிட்டேன். திட்டுவதானால் கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு திட்டு.

கடையில் இருந்த பெண் நல்ல மாதிரி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். இரண்டையும் எடுத்துப் போட்டுப் பொறுமையாக விளக்கினாள். ஒன்று தடியன், முதல் கதையிலிருந்து கடைசிக் கதை வரை எல்லாம் ஒரே அட்டைக்குள், புதிதாக நிறம் தீட்டி, கண்ணாடி போல வழவழ தாளில் அச்சடித்தது. இன்னொன்று சின்னச் சின்னப் புத்தகங்களாக வருகிறது, பழைய நிறம் அப்படியே, பழைய சொரசொரத் தாள், அந்தக் காலத்து விளம்பரமும் வாசகர் கடிதமும்கூட விடாமல் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒன்றுதான் வரும், கதை முடிய இன்னும் பல வருடம் ஆகும் என்றாள். முடிவு தெரிய அத்தனை வருஷம் யாரும்மா காத்துக்கிட்டு இருப்பா என்று கேட்டேன். இருக்காங்கய்யா, பேரைப் பதிஞ்சு வச்சுட்டுப் போறாங்க என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் மேஜையில் பார்சல் நிறுக்க ஒரு மிஷின் இருந்தது, நானே சரி பண்ணிக் கொடுத்த மிஷின், எதையும் நிறுத்துப் பார்த்தால்தானே எனக்கு நம்பிக்கை. முதலில் தடியனை வைத்துப் பார்த்தேன், பிறகு அதே விலைக்கு வருகிற சின்னப் புத்தகங்களை அடுக்கி வைத்துப் பார்த்தேன். தடியன் அவற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். புத்தகத்தை எடை போட்டு வாங்குற முதல் ஆள் நீங்கதான்யா என்று அந்தப் பெண் சிரித்தாள். நானும் பெருமையாகச் சிரித்துக்கொண்டு தடியனைத் தோளில் சுமந்து வந்தேன். அம்மா கதவைத் திறந்ததும், பழைய பேப்பர் வியாபாரம் ஏதும் ஆரம்பிச்சுட்டீங்களா என்று கேட்டாள்.

தம்பி அட்டையைப் பார்த்துச் சிரித்தான், அது உண்மையான சிரிப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த டயாலிசிஸுக்கு அதையும் எடுத்துக்கொண்டு போனோம். அங்கே போன பிறகுதான் என் புத்திசாலித்தனம் வெளுத்தது. இடது கை அசையக் கூடாது, வலது கை ஒன்றால் அதைப் பிடிக்க ஒரு பயில்வானாலும் முடியாது. வயிற்றில் வைத்தால் மூச்சு முட்டுகிறது, பக்கத்தில் வைத்தால் கழுத்து வலிக்கிறது, போதாததற்கு வழவழ தாளில் மேலே இருக்கிற ட்யூப்லைட் அத்தனையும் வந்து உட்கார்ந்துகொண்டு நிழலன் இருக்கிற இடமே தெரியவில்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இது படிக்கிறதுக்கா, தலைக்கு வச்சுக்கிறதுக்கா என்று கேட்டாள். அடுத்த கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருகிறார், தம்பி வருகிற அதே நாட்களில் அவருக்கும், அவர் எழும்பாமலேயே, தம்பி, அதுக்கு ஒரு கண்டக்டர் வேணும்பா, பக்கம் திருப்ப என்றார். எனக்குச் சுருக்கென்றது. கடைக்கு வந்து பழைய எடை மிஷின் ஒன்றின் தண்டை அறுத்து, அடியில் இரும்புப் பலகை வைத்து, மேலும் கீழும் ஏறி இறங்குகிற மாதிரி ஒரு தாங்கி செய்தேன். புத்தகம் அதில் நிற்கும், ஒற்றை விரலால் பக்கத்தைத் தள்ளினால் போதும். வெளிச்சம் அடிக்காமல் சாய்க்கவும் திருகாணி வைத்தேன். நானே சொல்லக் கூடாது, அருமையான வேலை, டிரைவர்கூடக் கை தட்டினார்.

அப்படியும் அவன் படிக்கவில்லை. முதல் இரண்டு மூன்று கதையோடு சரி, அப்புறம் தாங்கியை ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடியும் விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தான். கேட்டால், கண்ணு வலிக்குதுப்பா, நாளைக்குப் படிக்கிறேன்பா என்றான். எனக்குக் கோபம் வந்தது. உன் அம்மாவிடம், எதைச் செஞ்சு குடுத்தாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறான், ஒரு மனுஷன் எவ்வளவுதான் பண்ணுவான் என்று கத்திவிட்டேன். அவள் தம்பிக்கு அன்றைக்கு அனுமதித்த தண்ணீரை டம்ளரில் அளந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்காமலே, செஞ்சு குடுத்தது சரி, அவனைக் கேட்டீங்களா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆகவே கேட்டேன். சிகிச்சை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அவன் துவண்டுபோய் என் தோளில் சாய்ந்துகொள்வான், அந்த நேரத்தில்தான் எங்கள் இருவருக்கும் பேச்சு வரும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை பார். ஏண்டா, அப்பா வாங்கினது பிடிக்கலையா என்றேன். தலையை என் தோளில் இன்னும் அழுத்திக்கொண்டான். பிறகு, அதுல எல்லாமே இருக்குப்பா, கடைசிப் பக்கம் வரைக்கும் இருக்கு, அதான் கஷ்டமா இருக்கு என்றான். எனக்குப் புரியவில்லை. எல்லாம் இருந்தா நல்லதுதானேடா என்றேன். அதற்கு அவன், நீங்க அதை ஏன் வாங்குனீங்கன்னு எனக்குத் தெரியும்பா, நான் பாதியில விட்டுடக் கூடாதுன்னு நினைச்சீங்க, தப்பில்லப்பா, நானும் அப்படித்தான் நினைச்சேன், தொறந்து வச்சா சீக்கிரம் முடிக்கணும் சீக்கிரம் முடிக்கணும்னே ஓடுது, கதை எங்க ஏறுது என்றான். கோபமே இல்லாமல் சொன்னான், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னான். அப்புறம் உன்னை இழுத்தான். அக்கா வாசிச்சுக் காட்டும்போது எப்பவும் நல்ல இடத்துல மூடிடுவா, மீதி நாளைக்குன்னு, எனக்கு அழுகையா வரும், ஆனா காலைல எழுந்திரிக்க ஒரு காரணம் இருக்கும்பா என்றான். அந்தச் சின்னப் புத்தகமே போதும், வர வரப் படிச்சுக்கிறேன், எப்படியும் வரிசையிலதான் நிக்கிறேன், இதுக்கும் சேர்த்து நின்னுட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

மகளே, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கடையில் அந்தப் பெண் பல வருடம் ஆகும் என்றபோது என் மனதில் ஓடியது விலையும் இல்லை, எடையும் இல்லை. அப்பன் ஒருவன் தன் பிள்ளையைப் பற்றி நினைக்கக் கூடாத ஒன்றை நினைத்தேன். மிஷினில் வைத்து நிறுத்தது எல்லாம் அதை மறைக்க நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. என்னைப் பெரிய தைரியசாலி என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள், ஆனால் சிறுநீரகம் வேண்டிக் காத்திருப்பவர்கள் வரிசையில் அவன் பெயர் எத்தனை பேருக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து நான் உள்ளுக்குள் தினமும் பயந்து சாகிறேன், அந்தப் பயத்தைத்தான் கெட்டி அட்டை போட்ட புத்தகமாக வாங்கி அவன் கையில் கொடுத்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்தும் என் மனம் நோகக் கூடாது என்று கண் வலி என்று பொய் சொல்லியிருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டும் ஒன்றாக வரும் என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

நீயும் ஒன்றைக் கேட்டுக்கொள். நீ ஓடி வந்து பரிசோதனை செய்துகொண்டும் உன்னுடையது அவனுக்குப் பொருந்தவில்லை என்று இன்னும் உன்னையே நொந்துகொண்டிருக்கிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். என்னுடையதும் பொருந்தவில்லை, அம்மாவுடையதும் பொருந்தவில்லை, அதற்கு யார் என்ன செய்ய முடியும். அந்த எண்ணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஒழுங்காகத் தூங்கு. மாப்பிள்ளை என்னிடம் சொன்னார் என்று அவரிடம் போய்ச் சண்டை போடாதே, நல்ல மனிதர், உனக்குப் பயந்துகொண்டுதான் என்னிடம் சொல்கிறார்.

தடியன் என்ன ஆனான் என்று கேட்பாய். டிரைவர் எடுத்துக்கொண்டார். எனக்கு முடிவு தெரிஞ்சாகணும்பா, ஸ்டாப் எங்கன்னு தெரியாம நான் வண்டியே எடுத்ததில்ல என்று தாங்கியோடு சேர்த்துத் தன் கட்டிலுக்கு இழுத்துக்கொண்டார். இப்போது கடைசிக் கதை வரை படித்துவிட்டு அந்த ரகசியத்தை வாயில் வைத்துக்கொண்டு படாத பாடு படுகிறார். தம்பி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் இவன் காதைப் பொத்துகிறான், ஒரு காதைத்தான் பொத்த முடிகிறது, இன்னொரு கைதான் ஊசியில் இருக்கிறதே, அதற்கு நர்ஸ் வந்து மறு காதைப் பொத்துகிறாள். அந்த அறையில் இவ்வளவு சிரிப்பு இதற்குமுன் நான் கேட்டதில்லை. சரி, நானும் சொல்லிவிடுகிறேன், தாங்கியைச் சோதிக்கிற சாக்கில் நானும் நாலைந்து கதை படித்தேன். நிழலனுக்கு இரண்டு நிழலாம், ஒன்று வீட்டில் இருக்குமாம், இன்னொன்று ஊரைக் காப்பாற்றப் போகுமாம். எனக்கு மட்டும் அப்படி இரண்டு இருந்தால் ஒன்றைக் கடையில் உட்கார வைத்துவிட்டு இன்னொன்றை உன் வீட்டு வாசலுக்கு அனுப்பியிருப்பேன்.

ஆகவே நீ வாங்க வேண்டியது சின்னப் பதிப்பு. இதுவரை வந்ததை எல்லாம் ஒரேயடியாக அனுப்பாதே, ஒவ்வொன்றாக அனுப்பு, ஒன்றைப் படித்துவிட்டேன் என்று அவன் சொன்ன பிறகு அடுத்ததை அனுப்பு. உனக்குத்தான் நல்ல இடத்தில் மூடத் தெரியுமே. இனி வரப் போவதற்கும் அவன் பெயரில் பதிந்துவிடு. அம்மா உனக்கு முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள், தலைக்கு ஒழுங்காக எண்ணெய் வைக்கச் சொன்னாள். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து நன்றாக வாழ வேண்டும், அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, தம்பி உனக்குக் கண்டிப்பாக எழுதச் சொன்னது. மற்ற எல்லாம் இங்கே வரட்டும், தொடரின் கடைசிப் புத்தகத்தை மட்டும் உன் வீட்டு முகவரிக்கு அனுப்பும்படி பதியச் சொன்னான். அதை அவனே அங்கே வந்து உன் கையால் வாங்கிக்கொள்வானாம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா