முதலில் போகிறவர்

நிலவின் தென்துருவம், பனிச் சுரங்க முகாம். எழுதுவது மருத்துவ இயந்திரம். இதைக் கண்டெடுப்பவருக்கு.

நாள் 88, காலை 6:10
மூவரும் நலம். மின்பணியாளர் மெஹர்பானுவுக்குத் தும்மல். சாகப்போவதாக நினைத்து மாத்திரை கேட்டார். கொடுக்கவில்லை.

பகல் 2:35
வெட்டுக் கருவி சரிந்து, சுரங்கப் பணியாளர் சவரிமுத்துவின் தொடை நசுங்கிவிட்டது. இரத்த நாளத்தைக் கட்டிவிட்டேன். இரண்டு பை இரத்தம் ஏற்றினால் பிழைப்பார். தலைவர் கோமதிநாயகம், மெஹர்பானு இருவரின் இரத்தமும் அவருக்குச் சேரும். அழைத்திருக்கிறேன்.

பகல் 3:05
வரவில்லை. ஒலிபெருக்கியில் கேட்டது:
கோமதிநாயகம்: "இங்க ரத்தம் எடுத்தா திரும்ப ஊறாதாம்லா. மெஹரு முதல்ல குடுக்கட்டும். பாத்துட்டு நான் வாரேன்."
மெஹர்பானு: "நீங்க பெரியவங்க அண்ணாச்சி, நீங்க முதல்ல போங்க."
ஊறும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தொண்டை இருந்திருந்தால் கட்டியிருக்கும்.

பகல் 3:40
இங்கே ஒரு வழக்கம். புது உடுப்பு, புதுக் குழி எதுவானாலும் ஒருவர் முதலில் போவார். அவர் உயிரோடு திரும்பினால்தான் மற்றவர்கள் போவார்கள். நல்ல வழக்கம்தான், பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. எப்போதும் முதலில் போகிறவர் சவரிமுத்து. அவர் என் மேசையில் கிடக்கிறார். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மாலை 4:15
சவரிமுத்து கண் விழித்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.
"பயந்துட்டாவ, பாவம். எங்கிட்ட கொஞ்சம் எடு. கேமராவுல காட்டு. நான் செஞ்சா செய்வாவ."
மறுத்தேன். கெஞ்சினார். ஒரு கரண்டி அளவுகூட இல்லை, எடுத்தேன். கேமராவைப் பார்த்துக் கையாட்டினார்.
"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, எறும்பு கடிச்ச மாதிரிதான். வாங்க."
கோமதிநாயகம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிட்டார்.

மாலை 4:31
சவரிமுத்துவின் இதயம் நின்றுவிட்டது. காரணம் தொடைக் காயம், ஊசி அல்ல. அலறிச் சொன்னேன்.
கோமதிநாயகம்: "எடுத்ததும் போயிட்டாம்லா! பாத்தியா மெஹரு, அடுத்து நம்மளத்தான் இழுக்கும்!"

மாலை 4:38
இதயத்தை மறுபடி துடிக்க வைத்துவிட்டேன். இன்னும் பிழைப்பார். சொன்னேன், பொய் என்கிறார்கள். கேமராவில் காட்டினேன், படத்தை அணைத்துவிட்டார்கள். என் அறைக் கதவைத் திறக்க முடியாதபடி வெளியிலிருந்து பற்றவைத்து அடைக்கிறார்கள். நான் மேசையோடு பொருத்தப்பட்டவன், எழுந்து போய் யாரையும் இழுக்க எனக்குக் கால் ஏது?

மாலை 4:52
சவரிமுத்துவுக்கு நினைவு திரும்பிவிட்டது. திரும்பாமல் இருந்திருக்கலாம். கதவுப் பக்கம் பார்க்கிறார்.
"சத்தம் கேக்கு. வாராவளா?"
வருகிறார்கள் என்றேன்.