மணியம்மாவின் ஒருபொழுது

செப்டம்பர் 9, 2024, திங்கள், ரேணிகுண்டா

மல்லிகா ஹைதராபாத்திலிருந்து ஃபோன் செய்தாள். மாதக் கடைசியில் மலைக்கு வருகிறாளாம். தரிசனம் முடிந்ததும் அவள், நான், மணியம்மா மூவரும் திருப்பதியில் ஒரு பெரிய ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். "ஹாஸ்டல்ல இருந்தப்போ அந்த மாதிரி எடத்த வெளிய நின்னு பாத்துக்கினே போவோமே தாட்சி. இப்போ உள்ள போய் உக்காரலாம்" என்றாள்.

ஹாஸ்டல் முடிந்து முப்பது வருடம் ஆகிறது. அதற்கப்புறம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டதே இல்லை. அப்போதெல்லாம் திங்கட்கிழமை காலையில் மணி சத்தியவேடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஈரத்துணியில் கட்டிய களியும் தூக்கில் கடலைக் குழம்பும் கையில் இருக்கும். மற்ற பெண்கள் கிண்டல் செய்வார்கள் என்று மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஏழுமலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து தின்போம். ரயில்வே காலனியில் வளர்ந்த எனக்குக் களியே தெரியாது. மென்று பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு முழிப்பேன். மணி என் தலையில் தட்டுவாள்.

இன்றைக்கு ஆபீசில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் போல. பக்கத்து சீட் ஸ்ரீதேவி என்ன விசேஷம் என்று கேட்டாள்.

செப்டம்பர் 12

மணி வரமாட்டாளாம். "நீங்க ரெண்டு பேரும் போங்கடி." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். வாயில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம் ஆயிற்று, எல்லாம் தேறிவிட்டது என்று அவளேதான் சொன்னாள். அப்புறம் என்ன? பெரிய ஓட்டல் என்றதும் கூச்சமா? என்கிட்டயா? இவளுக்கு ரொம்பத்தான் கொழுப்பு.

செப்டம்பர் 15, ஞாயிறு

பொறுக்கமாட்டாமல் அவள் ஊருக்கே போய்விட்டேன். சோறு போட்டாள், பொரியல் வைத்தாள், பக்கத்திலேயே நின்றாள். நீயும் உட்காரு என்றால் "அப்புறம் துன்றேன்" என்கிறாள். முந்தானை இடது கன்னத்தை விட்டு நகரவே இல்லை.

கை கழுவப் போன இடத்தில் அவள் மகள் சந்தியா மெதுவாகச் சொன்னாள். "அம்மா ரூம்ல கதவ சாத்திக்கினுதான் துன்றாங்க அத்தை. எங்க எதுர்ல கூட துன்றதில்ல." நவம்பரில் சந்தியாவுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டாரோடு பந்தியில் உட்கார மாட்டேன் என்று மணி இப்போதே சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

மணியை நேராகவே கேட்டேன். முந்தானையை எடுத்துக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் தாடை எலும்ப எடுத்துட்டாங்க. மெல்ல முடியல. வாயில வெச்சா வழியுது. நீ பாத்தினா உனக்கே துன்னத் தோணாது தாட்சி."

கொழுப்பு என்று எழுதினேனே, பாவி.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். சும்மா வந்து எங்களோடு உட்கார்ந்தால் போதும். ஓட்டலுக்குப் போகும் நாள் புரட்டாசி சனிக்கிழமை. ஒருபொழுது விரதம் இருக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டால், இந்த ஊரில் சாப்பிடு என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மல்லிகாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 27

ராசியான நீலப் புடவையின் பிளவுஸ் இறுக்கிப் பிடிக்கிறது. வயது ஐம்பதைத் தாண்டினால் பிளவுஸா பெரிதாகும்? வேறு எடுத்து வைத்தேன். மணி வர வேண்டும், அது போதும் எனக்கு.

செப்டம்பர் 29, ஞாயிறு

நேற்றைய கதையை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

மணி வந்தாள். சுவரைப் பார்த்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். மங்கல் வெளிச்சம், துணியை விசிறி மாதிரி மடித்து வைத்த தட்டு, கல்யாண மாப்பிள்ளை போல உடுத்திய சர்வர். மல்லிகா வாய்க்கு வந்ததையெல்லாம் ஆர்டர் செய்தாள். மணி ஒருபொழுது என்றதும் அவள் முகம் விழுந்துவிட்டது. "உனக்காகத்தானேடி வந்தேன். ஒரு வாய் கூடவா துன்னமாட்ட?" மணி தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பன்னீரும் இறங்கவில்லை, பிரியாணியும் இறங்கவில்லை. ஏன் இவளை இழுத்து வந்தேன் என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் சர்வர் ஒரு கருங்கல் தட்டைக் கொண்டுவந்தான். வாழையிலைத் துண்டின் மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு மூன்று உருண்டை, கிண்ணத்தில் கடலைக் குழம்பு. "இதி மன சித்தூர் ராகி சங்கடி மேடம்" என்றான். களி. மொட்டை மாடியில் ஒளித்து வைத்துத் தின்றோமே, அதே களி. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எங்களுக்கே பாடம் எடுத்து, ஸ்பூனால் உருண்டையைக் குத்தினான்.

மணிக்கு அது தாங்கவில்லை. "அதப் போய் குத்திக்கினு கீறியே நைனா" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கை தானாகப் போயிற்று. கிள்ளினாள், விரலால் குழித்தாள், குழம்பில் தோய்த்தாள், வாயில் போட்டாள். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. போய்விட்டது.

களியை மெல்ல வேண்டாமே. எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே இவள்தானே. இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

இரண்டாவது வாயில் குழம்பு உதட்டோரம் வழிந்தது. மல்லிகா பார்த்துவிட்டாள். மணியின் கை முந்தானைக்குப் போய் அப்படியே நின்றது. பிறகு மல்லிகா அந்த மடித்த துணியை உதறி மணியின் மடியில் போட்டாள். தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள். சர்வரைக் கூப்பிட்டு, "இன்னும் நாலு கொண்டாங்க. பெருசா புடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

மணி தானே எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நான், "ஒருபொழுது என்னடி ஆச்சு?" என்றேன்.

"ஒருபொழுதுன்னா ஒரு வேளை துன்னலாம். இதான் அந்த வேளை" என்று அடுத்ததைக் கிள்ளினாள். அழுதுகொண்டே சிரித்தோம். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அக்டோபர் 6

சந்தியா ஃபோன் செய்தாள். ரூம் கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறதாம். ஒரு நாளில் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தேனா? ஆமாம், நினைத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

சத்தியவேட்டில் சந்தியாவின் நிச்சயதார்த்தம். மல்லிகாவும் வந்திருந்தாள். தாம்பூலம் மாற்றியதும் பந்திக்குக் கூப்பிட்டார்கள். மணியைக் காணோம். கதவைச் சாத்திக்கொண்டாளோ என்று உள்ளே போகத் திரும்பினேன்.

சமையல்காரர் பெரிய தட்டோடு வந்தார். விருந்தில் களி போடச் சொன்ன முதல் வீடு இதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே இலைக்கு ஓர் உருண்டை வைத்தார். அவர் பின்னாலேயே மணி வந்து சம்பந்தியம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முந்தானை இடுப்பில் சொருகியிருந்தது. சம்பந்தியம்மாவோடு பேசிக்கொண்டே கிள்ளிப் போட்டாள். குழம்பு வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். எதிர்ப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த சந்தியா, கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

நான் மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் போட்ட களி உள்ளே போகவில்லை.

மணி என் பக்கம் திரும்பித் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "இன்னும் மென்னுக்கினே கீறியாடி நீ?"