அக்கா கை வைக்கக் கூடாது

என் செல்லமே, செந்திலு,

உன் கருமாதி அன்றைக்கு உனக்கு ஒரு பார்சல் வந்தது. பந்தலில் சொந்தமெல்லாம் உட்கார்ந்திருக்க, கூரியர்காரர் வாசலில் நின்று, "செந்தில் சார் இருக்காரா?" என்று கேட்டார். நான்தான் எழுந்து போனேன். மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தம்பி எழுந்திருக்கவே இல்லை என்பதை அதுவரை நான் நம்பவில்லை போலிருக்கிறது. "இல்லைங்க" என்று என் வாயால் சொன்னபோதுதான் தூக்கிவாரிப் போட்டது.

பெட்டிக்குள் ஸ்கிம்மர். உன் புதுக் கடல்நீர் மீன்தொட்டியைச் சுத்தம் பண்ண நீ வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த மெஷின். உப்பளம் என்றே பெயர் கொண்ட பேட்டையில், கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு உப்பைப் பாக்கெட்டில் வாங்கிக் கலக்குகிறானே என்று உன்னை எத்தனை கிண்டல் பண்ணியிருப்பேன்!

நீ விட்டுப்போன இரண்டு கோமாளி மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. துக்கத்துக்கு வந்தவர்கள் பாவம் பார்த்து ஆளாளுக்குத் தீனி போட்டதில் தண்ணீர் கெட்டிருந்தது. மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அந்த மெஷினை மாட்டுங்கக்கா. நுரை எழும்பும். அழுக்கெல்லாம் நுரையோட மேல கப்புல வந்து விழுந்துடும்" என்றார்.

பெரிய மார்க்கெட்டில் மத்தி விற்றுவிட்டு வந்த கையோடு மாட்டினேன். மோட்டார் ஓடியது, நுரை மட்டும் வரவில்லை. திரும்பவும் போன்.

"மத்தி தொட்ட கையாக்கா? அந்த எண்ணெய் பட்டா நுரை அமுங்கிடும்."

இவ்வளவுதானா என்று பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு மெஷினையும் கையையும் பளபளவென்று கழுவி மறுபடி மாட்டினேன். பொங்கியது பாரு! கப்பு நிரம்பி, சுவரில் வழிந்து, தரையெல்லாம் நுரை. பிளக்கைப் பிடுங்கக்கூடத் தோன்றவில்லை. "செந்திலு, செந்திலு" என்று உன்னைத்தான் கூப்பிட்டேன்.

தரையைத் துடைக்கக் குனிந்தபோதுதான் தொட்டி ஸ்டாண்டுக்கு உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். உன் கையெழுத்து. "சோப்பு கூடாது. எண்ணெய் கூடாது. அக்கா கை வைக்கக் கூடாது."

எனக்கு வந்ததே கோபம்! அடப்பாவி, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நெஞ்சு வலித்ததையும் இப்படித்தான் எங்கேயாவது எழுதி ஒட்டி வைத்திருந்தாயா? எந்த அலமாரிக்குப் பின்னால் தேடட்டும்?

அன்று சாயங்காலம் சின்ன மீன் செத்து மிதந்தது. கூடை கூடையாய் மீன் அறுத்தவள் நான். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் உன் பாக்கெட் உப்பைக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றினேன். மெஷினை வெறும் தண்ணீரில் எத்தனை தரம் அலசினேனோ தெரியாது. ஒரு வாரம் கழித்து நுரை நிதானமாக ஏறியது. கப்பில் டீ டிக்காஷன் நிறத்தில் அழுக்கு. மார்க்கெட்டிலேயே கிடக்கிற நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன். பார்வைக்குத் தெளிவாக இருந்த தண்ணீருக்குள் இவ்வளவு இருந்ததா செந்திலு? எனக்கு இன்னும் அதிர்ச்சி போகவில்லை.

பெரிய மீன் நேற்றிலிருந்து தீனி எடுக்கிறது. இனி தினமும் விடியற்காலையில், மார்க்கெட்டுக்குக் கிளம்பி ஒரு மீனைத் தொடுவதற்கு முன்னால், வெறும் தண்ணீரில் கை கழுவிவிட்டு அந்தக் கப்பைக் கழற்றிச் சுத்தம் செய்வேன். இந்த ஒன்றையாவது போக விடமாட்டேன். சத்தியம்.

உன் சீட்டைக் கிழிக்கவில்லை. அதற்குக் கீழே நானும் ஒன்று எழுதி ஒட்டியிருக்கிறேன்: "வேற யாருடா இருக்கா?"

இப்படிக்கு,
கை வைத்துவிட்ட உன் அக்கா