கணக்கில் பதினொன்று

சிதம்பரம்,
ஆவணி 28.

அன்பு மகள் இலக்கியாவுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது.

இங்கே எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் மருந்துக்கு அடங்கி இருக்கின்றன, உன் அம்மாவுக்கு முட்டி வலியைத் தவிரக் குறையில்லை. டப்ளினில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், போனை எடுத்தால்தானே கேட்டுத் தெரிந்துகொள்ள. சித்திரையில் பேசியது, அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. அம்மா கூப்பிட்டால் மட்டும் எடுக்கிறாய், நான் வாங்கிக் காதில் வைத்தால் உடனே சிக்னல் இல்லை என்கிறாய். அயர்லாந்தில் அப்பனுக்கு மட்டும் சிக்னல் கிடைக்காது போலிருக்கிறது. அதனால்தான் அந்தக் காலத்து மனுஷன் மாதிரி பேப்பரில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், வாங்கினாயா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. ரொட்டியும் வெண்ணெயுமாகத் தின்காதே, அம்மா போனில் காட்டிய போட்டோவில் முகம் உப்பிப்போய் இருக்கிறாய், கேமராவுக்கு அது எடுப்பாக இருக்காது. கேமரா என்று ஏன் சொல்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நல்ல சேதி. வருகிற விஜயதசமி அன்று கடலூரில் நம் பள்ளிக்கூடத்தின் இரண்டாவது கிளையைத் திறக்கிறோம். முதுநகரைத் தாண்டி மெயின் ரோட்டின் மேலேயே இடம், காற்றுத் திரும்பினால் தொழிற்பேட்டை வாடை கொஞ்சம் வரும், ஏசி போட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது. பெயர் அதே பெயர்தான், இலக்கியா வித்யாலயா, உன் பெயர் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி பெரிசாக எழுதச் சொல்லியிருக்கிறேன். சென்னையிலிருந்து காயத்ரி மேடம் என்று ஒருவர், கல்வியில் புதுமை செய்கிறவர்களைத் தேடிப் பிடித்துப் பணம் போடுகிறவர், நம் முறையைப் பார்த்துவிட்டு இதைப் பத்து ஊரில் திறக்கலாம் என்கிறார். விஜயதசமிக்கு எல்லா இடத்திலும் குழந்தையை மடியில் வைத்து நெல்லில் அ எழுத வைப்பார்கள் இல்லையா, நாம் டேப்லெட்டில் எழுத வைக்கப்போகிறோம். எழுதி முடித்ததும் அதுவே மார்க் போட்டுவிடும், வாசலில் இருக்கிற எல்இடி போர்டில் குழந்தையின் முகம், மார்க், எத்தனையாவது இடம் எல்லாம் வந்துவிடும். தன் இடம் எது என்று மூன்று வயதிலேயே தெரிந்துவிட்டால் பிறகு ஒரு குழப்பமும் இல்லை பார். போன வாரம் இங்கே சோதித்துப் பார்த்தோம், கடைசி இடம் வந்த குழந்தையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஸ்பெஷல் கோச்சிங்கில் சேர்த்துவிட்டுப் போனாள். குழந்தை அழவில்லை, போர்டில் தன் முகம் வந்ததைப் பார்த்துக் கை தட்டியது. அதுவும் போகப் போகக் கற்றுக்கொள்ளும். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திறப்பு விழா மேடையில் எனக்கு இரண்டு பேர் வேண்டும், என் முறையால் மேலே போன மகள் ஒருத்தி, என் பேச்சைக் கேட்காமல் கீழே போன மகன் ஒருத்தன். நீ கிளம்பி வரமாட்டாய், அது எனக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் பேசி ஒரு வீடியோ அனுப்பு, போதும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் இரண்டு பேரையும் வைத்துத்தானே நான் இந்த முறையையே கண்டுபிடித்தேன். சமையலறைச் சுவரில் சிலேட்டை மாட்டி உன் மார்க்கையும் தம்பி ஸ்ரீதர் மார்க்கையும் எழுதி வைப்பேன், ஜாஸ்தி வாங்கினவருக்கு முதல் தட்டு, குழம்பு மீனில் நடுத்துண்டு, குறைந்தவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து பிறகு சாப்பிட்டுவிட்டு இரண்டு தட்டையும் கழுவ வேண்டும். ஏழாவது படிக்கும்போது நீ அறிவியல் பரீட்சையில் வேண்டுமென்றே தப்பாக எழுதி வைத்தாய், தம்பி ஒரு நாளாவது முதலில் சாப்பிடட்டும் என்று. எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? விடைத்தாளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டேன். உன்னை அடிக்கவில்லை, முதல் மார்க் வாங்குகிற பிள்ளையை அடிக்கக் கூடாது. அவனைத்தான் கொல்லையில் வெயிலில் முட்டி போட வைத்தேன், நீ ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி. அதற்குப் பிறகு ஒரு தடவையாவது தப்பாக எழுதினாயா? காயத்ரி மேடத்திடம் இதைச் சொன்னபோது பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார், இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறதாம். உன் அம்மாதான் அன்றைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், இன்றைக்கும் வைத்திருக்கிறாள்.

ஸ்ரீதர் விஷயம் அம்மா சொல்லியிருப்பாள், அவள் சொல்வது பாதிதான் இருக்கும், முழுசையும் நான் சொல்கிறேன். பத்தாவதில் கணக்கில் பதினொரு மார்க் வாங்கி என் மூக்கை அறுத்தானே, அதையும் நான் வீணாக்கவில்லை. அட்மிஷனுக்கு வருகிறவர்களை என் ரூமில் உட்கார வைப்பேன், அவன் டீ கொண்டுவந்து வைப்பான், எல்லோரும் ஒரு வாய் குடித்த பிறகு இந்தப் பையன் யார் தெரியுமா என்று கேட்பேன். அட்டெண்டர் என்பார்கள். என் சொந்த மகன் என்பேன். கணக்குல எவ்ளோடா என்பேன், அவன் பதினொண்ணு சார் என்பான். அவ்வளவுதான், அவர்கள் தங்கள் பிள்ளையை ஒரு தடவை பார்ப்பார்கள், என் மகனை ஒரு தடவை பார்ப்பார்கள், உடனே சேர்த்துவிடுவார்கள். அந்த வருஷமே துணைத் தேர்வு எழுதிப் பாஸ் செய்தான் என்பது வாஸ்தவம்தான், அதைச் சொன்னால் பேச்சு எடுபடாது, அதனால் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்தேன். மேலே படிக்க வைக்கலாம் என்றுதான் இருந்தேன், அதற்குள் அட்மிஷன் சீசன் வந்துவிட்டது. பிறகு வேன் ஓட்டப் பழகினான், காலையிலும் சாயங்காலத்திலும் வேன், நடுவில் டீ, சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் என்ன குறை வைத்தேன் சொல். ஆடியில் காயத்ரி மேடம் ஆட்களோடு வந்தபோதும் வழக்கம்போல டீ கொண்டுவந்தான், நானும் வழக்கம்போலக் கேட்டேன். தட்டை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். "பதினொண்ணு எடுத்தது ஒரு நாளு சார். பத்து வருஷமா தெனமும் எடுத்துக்கினு இருக்கறேன்" என்றான். கத்தவில்லை, கோபப்படவுமில்லை, மேஜையில் சிந்தியிருந்த டீயைத் துடைத்தான், வேன் சாவியை எடுத்துத் தட்டில் வைத்தான், போய்விட்டான். பத்து ஊரும் போயிற்று என்றே நினைத்தேன். மேடம் என்ன சொன்னார் தெரியுமா, சூப்பர் சார், இந்த டயலாக்கையும் சேர்த்துக்கலாம் என்றார்.

இப்போது அவன் குமராட்சி போகிற மினி பஸ்ஸில் டிரைவராக இருக்கிறான். ஆள் விட்டுக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான், போகட்டும். நான் எதற்காவது காத்திருந்திருக்கிறேனா? நம் தூரத்துச் சொந்தம் குமராட்சி சுப்பராயலு, அவர் மகன் அன்பரசு உனக்கு நினைவிருக்கும், நம் டியூஷன் சென்டர் நாட்களில் உனக்கும் அவனுக்கும்தான் முதல் இடத்துக்குப் போட்டி. பி.இ. முதல் வகுப்பில் பாஸ் செய்துவிட்டு இந்தப் பரீட்சை அந்தப் பரீட்சை என்று எழுதிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தான், அவன் அப்பா என்னிடம் வந்து ஏதாவது வேலை போட்டுக் கொடுங்க மச்சான் என்று கெஞ்சினார். சட்டென்று தோன்றியது. கடலூரில் ஸ்ரீதரை யாருக்குத் தெரியும்? அன்பரசுக்கு டீத்தட்டைக் கொடுத்து, நீதான் என் மகன், பத்தாவது ஃபெயில் என்று சொல்லிவிட்டேன். ஒரே தடவையில் வசனத்தைப் பிடித்துக்கொண்டான், நம்மிடம் படித்த பிள்ளை இல்லையா. தலையை எவ்வளவு குனிய வேண்டும் என்று அவனே கேட்டான். மேடத்திடமும் மறைக்கவில்லை, யாராக இருந்தால் என்ன சார், கான்செப்ட்தானே முக்கியம் என்றார். ஒத்திகை பார்க்கும்போது மட்டும் ஒன்று நடந்தது. டீயை என் முன்னால் வைத்துவிட்டு, "எடுத்துக்குங்கப்பா" என்றான். மகன் என்றால் அப்படித்தான் கூப்பிடுவான் என்று நினைத்திருக்கிறான், பாவம். பள்ளிக்கூடத்துக்குள் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஸ்ரீதரிடம் நான் சொல்லி வைத்திருந்தேன், நாளடைவில் அவன் வீட்டிலும் சார் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டான், நானும் விட்டுவிட்டேன். அன்பரசு அப்படிச் சொன்னதும் எடுத்த டீயை வேட்டியில் கொட்டிக்கொண்டேன், நெஞ்சை என்னவோ செய்தது, பொய் சொல்வானேன். பிறகு, சார் என்று கூப்பிடுவதுதான் நன்றாக எடுபடுகிறது என்று மேடம் சொன்னார். அதுவும் சரிதான் என்று திருத்திவிட்டேன்.

இனி மிச்சம் நீதான். நீ வீடியோ அனுப்பாவிட்டாலும் வேலை நிற்காது, அதைத் தெரிந்துகொள். மேடத்தின் ஆட்கள் ஒரு போட்டோவும் கொஞ்சம் குரலும் இருந்தால் கம்ப்யூட்டரிலேயே ஆளைப் பேச வைத்துவிடுகிறார்கள். நீ போன புதிதில் எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் என் போனில் அப்படியே இருக்கிறது, பட்டம் வாங்கியபோது எடுத்த போட்டோவும் இருக்கிறது, கொடுத்தேன், மறுநாளே சாம்பிள் வந்துவிட்டது. அதில் நீ இளைத்து லட்சணமாக இருக்கிறாய். தம்பி மாதிரி ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில்தான் படித்தேன், எல்லாப் பெருமையும் அப்பாவுக்குத்தான் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்கிறாய். உதடு அசைவதுதான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது. நீயே பேசி அனுப்பினால் அந்தக் குறை இருக்காது, இல்லாவிட்டால் இதைப் போட்டுக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி மெயிலாவது மேடத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்களுக்குச் சட்டப்படி அது தேவையாம். சாம்பிளை உன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன், சந்தோஷப்படுவாள் என்றுதான். முடிகிற வரைக்கும் அசையாமல் பார்த்தாள். பிறகு, "பையனுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு ஆயிப்போச்சி. எனக்கும் ஒண்ணு செஞ்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு குமராட்சியில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கார் வாசலில் நிற்கிறது, மினி பஸ்ஸில் போனாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து போனதாக வேன் கிளீனர் வந்து சொன்னான். பத்து நாளாகிறது. முட்டி வலி என்று மேலே எழுதியது அவள் போவதற்கு முன்பு இருந்த வலி, இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை, உன்னிடம் பேசினால் கேட்டு வை.

நான் ஓட்டலில் வாங்கி வரச்சொல்லிச் சாப்பிட்டுக்கொள்கிறேன். சாம்பிளை அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன், குறை ஏதாவது இருந்தால் சொல்ல வேண்டும் இல்லையா. கடைசியில் நீ கேமராவை நேராகப் பார்த்து, "அப்பா, சாப்டீங்களா?" என்று கேட்கிறாய். அதை எழுதிக் கொடுத்தது நானில்லை, உன் பழைய மெசேஜ் எல்லாவற்றிலும் அதுதான் இருந்ததாம், அதனால் அவர்களே வைத்துவிட்டார்களாம். மேடைக்கு அது வேண்டாம், வெட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். என் போனில் இருப்பதை மட்டும் வெட்டவில்லை. நேற்று அது கேட்டபோது, சாப்பிட்டேன்மா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை.

எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை இருக்கட்டும், உத்தியோகத்தில் எல்லோருக்கும் முதலாவதாக இரு, பெயரும் புகழுமாக நீடூழி வாழ அப்பாவின் ஆசி. மறந்துவிடாதே, விஜயதசமிக்கு முன்னால் மேடத்துக்கு மெயில் போக வேண்டும், அவர் விலாசத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மெயில் வராவிட்டால் உனக்குச் சம்மதம் என்று நானே சொல்லிவிடுவேன். சின்ன வயதிலிருந்து நீ வாயைத் திறக்காமல் இருந்தால் சரி என்றுதானே அர்த்தம், ஜன்னலில் நின்று பார்த்தபோதும் நீ ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஆ. கொளஞ்சியப்பன்,
நிறுவனர் மற்றும் தாளாளர்,
இலக்கியா வித்யாலயா, சிதம்பரம், கடலூர்.
(அப்பா)