இறால் குட்டையைச் சுற்றி ஒரு பாதை

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் நல்ல பனி. ஏழு மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் வண்டி. கடலோரத்தில், கருக்களாச்சேரிக்கு மேற்கே பக்கிரிசாமி அண்ணனின் பழைய இறால் பண்ணை. நோய் விழுந்து பண்ணை நொடித்த பிறகு நாலு குட்டையும் காய்ந்து கிடக்கின்றன. மண்ணெல்லாம் உப்பு. நெல் வராது, புல்லும் வராது. கார் ஓட்டலாம். இதுதான் எங்கள் கார் சங்கத்தின் கண்டுபிடிப்பு.

ஒன்பது பேர், ஒன்பது பழைய கார். இத்தனை வருஷத்தில் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்ததைத் தவிர ஒன்றும் கிழிக்கவில்லை. இப்போது சொந்தமாக ரேஸ் பாதை. தலைவர் பக்கிரிசாமி, நிலம் அவருடையது. நான் செயலாளர். ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன் என்பதால் பாதையை வரைவதும் என் தலையில்.

அளந்தது: வெளிக்கரை, நடுக்கரை, தெற்கே மதகுப் பக்கம். வளைவு எட்டு. வாங்க வேண்டியது: கயிறு, முளைக்குச்சி, சுண்ணாம்புத் தூள், எனக்குச் செருப்பு.

ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். "ஊருல ரோடு இல்லையாய்யா, இங்க வந்து சுத்துறீங்க?" நான் நோட்டில் அடுத்த அளவைக் குறித்துக்கொண்டேன்.

படம் வரைந்தவனே வெள்ளோட்டம் ஓட்டுவது என்று முடிவு. கைதட்டினார்கள். வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. அப்புறம் வலப்பக்கம் நட்டிருந்த முளைக்குச்சியில் கால் தடுக்கி விழுந்தேன். நானே நட்ட குச்சி. செருப்பு வார் அறுந்தது. இந்த மாதத்தில் மூன்றாம் தடவை.

பிப்ரவரி 11, செவ்வாய்

லீவு. தஞ்சாவூர், கண் ஆஸ்பத்திரி. வீட்டில் வசந்தியிடம் கண்ணாடி மாற்றப் போவதாகச் சொன்னேன்.

ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடது கண்ணுக்கு டக்டக்கென்று அழுத்தினேன். வலது கண்ணுக்கு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். பரிசோதித்த பெண் ஏதோ எழுதிக்கொண்டாள்.

டாக்டர் சொன்னது: கண்ணில் பிரஷர். வலது கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் இருப்பது நிற்கும். "ராத்திரி வண்டி எடுக்காதீங்க. பகல்லயும் நிதானமா. வேகமா ஓட்டுற பழக்கம் ஏதும் இருக்கா?"

இல்லை என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம். கும்பகோணம் தாண்டும்வரை ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

சங்கத்தில் சொன்னால் கையில் கொடியைக் கொடுத்து ஓரமாக நிறுத்திவிடுவார்கள். சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு சுற்று, நான் வரைந்த பாதையில், நான் ஓட்ட வேண்டும். அதற்கப்புறம் கொடியோ குடையோ பிடிக்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

புழுக்கம். காஜா பாய் டயர் கடை மாடியில் கூட்டம். சமோசா நன்றாக இருந்தது. பாய் துபாயில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். சங்கத்தில் உருப்படியாக ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பாதையில் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் சண்டை. இதெல்லாம் ஒரு பிரச்சினையாகும் என்று நான் நினைக்கவேயில்லை.

பக்கிரிசாமி: "வலமாத்தான் வரணும். கோயில் தேரு எப்படி வருது? இடமா சுத்துறது சுடுகாட்டுல. கொள்ளிக்குடம் ஒடைக்கவா எடம் குடுத்தேன்?"

காஜா பாய்: "மக்காவுல வந்து பாருங்க, அத்தனை சனமும் காபாவை இடமாத்தான் சுத்துது. யாருக்கும் ஒரு கொறையும் வரலயே."

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. நாலு பேர் வலம், நாலு பேர் இடம். செயலாளர் ஓட்டு மிச்சம். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்து வந்தேன்.

வீட்டில் படத்தை விரித்துப் பென்சிலால் சுற்றிப் பார்த்தேன். வலமாகப் போனால் வளைவெல்லாம் வலப்பக்கம். வளைவு முடியும் இடம் எனக்குத் தெரியவே தெரியாது. இடமாகப் போனால் எல்லாம் நல்ல கண்ணின் பக்கம். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. பாய்க்குக் கை தூக்கினால் போதும், கண் சமாசாரம் வெளியே வராது.

பிப்ரவரி 19, புதன்

மருந்து எரிகிறது. வசந்தி, "கண்ணாடி மாத்தப் போனவருக்கு எதுக்குங்க சொட்டு மருந்து?" என்றாள். தூசி அலர்ஜி என்றேன். நம்பவில்லை, ஆனால் மருந்தை அவளே விடுகிறாள்.

ஆபீசில் இரண்டு வரைபடம் பாக்கி. தலத்தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

சாயங்காலம் பக்கிரிசாமி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். காப்பி குடித்தார். போகும்போது வாசலில் குரலைத் தாழ்த்தி, "தம்பி, நீங்க நம்மாளு. பாத்து செய்யுங்க" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. பாய் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்ததே அவர்தான். ஆனால் அந்த 'நம்மாளு' உறுத்துகிறது. இப்போது இடம் என்றால் பாய் பக்கம். வலம் என்றால் நம்மாளு. கண்ணைப் பற்றி யாருக்குக் கவலை.

பிப்ரவரி 22, சனி

வெயில். பாயும் நானும் சுண்ணாம்புக் கோடு போடப் பண்ணைக்குப் போனோம். என் மாருதி. நான்தான் ஓட்டினேன். கரையில் ஏறி முதல் வலது வளைவு. மெதுவாகத்தான் போனேன். திடீரென்று பாய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி குலுங்கி நின்றது.

வலப்பக்கம் ஆடுகள். நடுவில் அந்த அம்மா. கதவுக்கு ஒரு கை தூரம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று அவள் கத்தினாள். அப்புறம் இரண்டு குட்டியைத் தூக்கிக்கொண்டு, நான் இதுவரை கேட்டிராத சில வார்த்தைகளும் சொல்லிவிட்டுப் போனாள். எஞ்சினை அணைத்தேன்.

பாய் ஹேண்ட் பிரேக்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எத்தனை நாளாண்ணே?"

"என்னது?"

"வலது பக்கம் பாக்க முழுசாத் தலையத் திருப்புறீங்க. எங்க வாப்பாவும் இப்படித்தான் திருப்பிக்கிட்டிருந்தாரு. கப்பல்ல போனவரு. கடைசியில வீட்டுக்குள்ளயே சுவத்தப் புடிச்சு நடந்தாரு."

சொன்னேன். எல்லாம்.

"அதுக்குத்தாண்ணே இடமா சுத்தலாம்னு சொன்னேன். நம்ம சுத்துற காருக்கும் காபாவுக்கும் என்ன சம்மந்தம்? சும்மா வாயில வந்துச்சு."

"எனக்காகவா அல்லாவை இழுத்தீங்க?"

"அவன் மன்னிச்சுருவான். பக்கிரிசாமிதான் மன்னிக்க மாட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நானும் அதையே பயன்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். கோடு போடாமல் திரும்பினோம். பாய்தான் ஓட்டினார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கூட்டம். இந்த முறை பக்கிரிசாமி அண்ணன் கூடவே இரண்டு மாமாக்களை அழைத்து வந்திருந்தார், சங்கத்தில் இல்லாதவர்கள். பாய் பக்கத்தில் மச்சான் ஒருவர். நாற்காலிகள் தன்னால் இரண்டாகப் பிரிந்து கிடந்தன. சமோசா இல்லை.

எழுந்து நின்று சொல்லிவிட்டேன். வலது கண்ணில் பாதி இல்லை. நேற்று ஓர் ஆள் மேல் வண்டியை ஏற்றியிருப்பேன். பாய் இடம் என்று சொன்னது எனக்காக, மதத்துக்காக இல்லை. என் ஓட்டு வலம். வெள்ளோட்டம் பாய் ஓட்டட்டும்.



பக்கிரிசாமி அண்ணன் மீசையைத் தடவினார். "மொதல்லயே சொல்லக் கூடாதாய்யா? இடமாவே வச்சிக்குவோம். நீயே ஓட்டு."

"வேணாண்ணே. நாளைக்கு யார் யாரோ ஓட்டுவாங்க. என் ஒரு கண்ணுக்காக ஒரு பாதை போட முடியாது."

மாமாக்கள் டீ குடிக்காமலே போய்விட்டார்கள். படி இறங்கும்போது ஒருவர்: "இவ்ளோதானா? இதுக்கா சோத்தக்கூட திங்கவிடாம இழுத்துட்டு வந்தான்?"

வசந்தியிடமும் சொன்னேன். அழவில்லை. கார்ச் சாவியை எடுத்துக் கடுகு டப்பாவுக்குள் போட்டாள். கேட்டால் எடுத்துத் தருவாளாம்.

பிப்ரவரி 28, வெள்ளி

சுண்ணாம்புக் கோடு முடிந்தது. பக்கிரிசாமி அண்ணனே கூட நின்று கயிறு பிடித்தார். பொக்லைன்காரர் அடுத்த மாதம் வருகிறாராம், கரையை அகலப்படுத்த. ஆட்டுக்கார அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் ஆடு விடவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். "ஆட்டுக்குக் கெழமை தெரியுமா?" என்றாள்.

பார்வை அப்படியே. மருந்து எரிச்சல் பழகிவிட்டது. ராத்திரியெல்லாம் ஓட்ட வேண்டும் போல இருக்கிறது. வேறு எதுவும் வேண்டாம் போலவும் இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

மேகமூட்டம். கடல் காற்று. வெள்ளோட்டம்.

பாய்க்கு ரம்ஜானின் முதல் நோன்பு, தண்ணீர்கூட இல்லை. தள்ளிப்போடலாம் என்றேன், கேட்கவில்லை. என் மாருதியைத்தான் எடுப்பதாகச் சொன்னார், அதையும் மாற்ற முடியவில்லை. வசந்தி கடுகு ஒட்டிய சாவியோடு வந்திருந்தாள். நான் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். இந்தக் காரில் அந்த இருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை. பக்கிரிசாமி அண்ணன் எலுமிச்சம்பழம் வைத்துக் கொடியை அசைத்தார்.

வலமாகப் போனோம். நேரே பார்த்தபடி நான் ஒவ்வொரு வளைவையும் சொன்னேன், எத்தனை அடி, எங்கே குறைக்க வேண்டும், மதகுப் பக்கம் மண் இளகும். படம் மனப்பாடம். நான் சொன்னபடி பாய் ஓட்டினார். ஆறாவது வளைவு நான் வரைந்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. கரைக்கு அந்தப் பக்கம் கடல் ஒரு கணம் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வண்டி நின்றது. எல்லோரும் ஓடி வந்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்க வலப்பக்கம் தலையை முழுசாகத் திருப்பினேன். அப்போதுதான் பார்த்தேன். பாய் முகமெல்லாம் கண்ணீர். எந்த வளைவிலிருந்து என்று எனக்குத் தெரியாது.