பின்கால் குறைத்த நாற்காலி

மாமா,

இன்று காலை எங்கள் தெருவில் நாற்காலிக்கு ஒயர் பின்னுகிறவர் வந்திருந்தார். எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து புது ஒயர்க் கட்டைப் பிரித்தார். வெயில் ஏற ஏற அந்தப் பிளாஸ்டிக் வாசனை என் ஜெராக்ஸ் கடைக்குள் வரை வந்துவிட்டது. எடுத்துக்கொண்டிருந்த பிரதியைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். நீங்கள் போய் நான்கு வருடம் முடிந்துவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டியதை இதற்கு மேலும் எழுதாமலிருக்க முடியவில்லை.

நாம் முதன்முதலில் உப்பனாற்றங்கரையில் தூண்டில் போட்ட அன்று, மீனுக்காகக் கொண்டுபோன ஐஸ் பெட்டியின் மேல்தான் நீங்கள் உட்கார்ந்தீர்கள். ஒரு மணி நேரத்தில் தெர்மாகோல் மூடி இரண்டாகப் பிளந்தது. நொறுங்கிய ஐஸுக்குள் உட்கார்ந்தபடியே, "மச்சான், மீனுன்னு நெனச்சி என்னையும் வெச்சி மூடிடாத," என்றீர்கள். அடுத்த வாரம் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். அதற்கடுத்த வாரம் பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் கால்கள் சேற்றில் ஒவ்வொன்றாக இறங்கின. நீங்களும் மெல்லச் சாய்ந்துகொண்டே போய், கடைசி நொடியில் என் தோளைப் பிடித்தீர்கள்.

இருபத்திரண்டு வருடம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பஸ் ஓட்டிய இடுப்பு அது. டிஸ்க் தேய்ந்துவிட்டது, தாழ்வாக உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தூண்டிலை விடச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும் உங்களுக்கு.

எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டியிருந்தன. நீங்களும் அக்காவும் கல்யாணம் செய்துகொண்ட பிறகு எட்டு வருடம் நான் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. நீங்கள் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்; நாங்கள் வேறு. எனக்கு அப்போது அதுவே போதுமான காரணமாக இருந்தது. கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்திலிருந்து கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு முதுநகருக்கு ஓடிவந்தேன். உங்கள் தெரு தப்பித்திருந்தது. வாசலில் நின்ற நீங்கள் என்னைப் பார்த்ததும், "வா மச்சான், சாப்டியா?" என்றீர்கள். எட்டு வருடத்தைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அதனால் உங்களுக்கு ஏற்ற இருக்கையைத் தேடுவதை என் வேலையாக எடுத்துக்கொண்டேன். கடைத்தெருவில் அந்த நாற்காலிக் கடையில் ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தீர்கள், தூண்டில் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சார், சேர் வாங்க வந்தீங்களா, பஸ் ஓட்டிப் பாக்குறீங்களா?"

"நாள் பூரா உக்காரணும்ப்பா. அஞ்சு நிமிசத்துல லேசாக் குத்துறது சாயங்காலம் உயிரை எடுத்துடும்."

மெத்தை வைத்தது சூடேறும் என்றீர்கள். பிளாஸ்டிக் வழுக்கும், மரம் தொடையை அறுக்கும். கடைசியில் இரும்புச் சட்டத்தில் ஒயர் பின்னிய, கைவைத்த நாற்காலி. உடம்புக்குத் தக்கபடி இறங்கிக் கொடுத்தது. இடுக்கு வழியாகக் காற்றும் வந்துபோனது. நனைந்தாலும் உடனே காய்ந்துவிடும். ஒரே குறை, முதுகு நிமிர்ந்தே இருந்தது. வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பின்கால்களில் இரண்டு இஞ்ச் அறுக்கச் சொன்னேன். அந்த யோசனை என்னுடையது, மாமா. அறுத்ததும் நாற்காலி அழகாகப் பின்னால் சாய்ந்தது. கால் புதையாமலிருக்கக் கீழே ஒரு பலகை போட்டோம். உட்கார்ந்து கண்ணை மூடி, "இருவத்திரெண்டு வருசம் எவனோ அளவெடுத்த சீட்டு. இதுதான் என் சீட்டு," என்றீர்கள்.

நாம் கடைசியாகப் போனது ஒரு தை மாதத்து ஞாயிறு. ஒன்பது மணி வரை ஆற்றின் மறுகரை தெரியவில்லை. காலைப் பூசை முடித்து, கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். பன்னிரண்டு மணிக்கு அக்கா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டோம். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். தண்ணீர் ஏறுகிறது, இனி கொடுவா மீன் வரும் என்று நான் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். பிறகு வெகுநேரம் தூண்டில் தக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் அதைச் சொன்னேன். உங்களைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல், தண்ணீரில் மிதந்த தக்கையைப் பார்த்துச் சொன்னேன்.

"மாமா, கல்யாணத்துக்கு முன்னாடி அக்காவ ரூம்ல வெச்சிப் பூட்டுனது அப்பா இல்ல. நான்தான். மூணு நாளு. சாவி என்கிட்டதான் இருந்துச்சி. தப்புதான் மாமா."

திரும்பிப் பார்த்தேன், உங்கள் கண் மூடியிருந்தது. என் கூச்சத்துக்காகத் தூங்குவது போல் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் நல்ல மனசு அப்படித்தானே. நானும் சத்தம் காட்டாமல் இருந்தேன். இருமல் வந்தபோதுகூட எழுந்து தள்ளிப்போய் இருமிவிட்டு வந்தேன்.

உங்கள் தக்கை மூழ்கியது. "மாமா, இழுக்குது," என்றேன் மெதுவாக. கழி உங்கள் கையிலிருந்து நழுவி, கரையில் உரசிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. நான் சிரித்தேன், மாமா. "நல்ல தூக்கம்," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே உங்கள் கையைத் தொட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எவ்ளோ நேரமாச்சு?" என்றார். இப்பத்தான் என்றேன். அவர் உங்கள் விரல்களை மடக்கிப் பார்த்தார். "இப்ப இல்லீங்க. ரொம்ப நேரமாயிருக்கு. பக்கத்துல யாரும் இல்லியா?"

வாளியிலோ ஸ்டூலிலோ உட்கார்ந்திருந்தால் விழுந்திருப்பீர்கள். நான் தூக்கியிருப்பேன். ஒருவேளை நேரம் இருந்திருக்கும். அந்த நாற்காலி உங்களை அவ்வளவு பத்திரமாகத் தாங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் கரைக்குப் போனபோது அது அங்கே இல்லை. யார் எடுத்துப்போனார்களோ, யார் அதில் சாய்ந்திருக்கிறார்களோ.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் பொய் சொன்னேன். "என் மடியிலதான் அக்கா உயிர் போச்சு. 'அவளப் பாத்துக்கோ மச்சான்'னு சொன்னாரு." வருடாவருடம் உங்கள் நினைவுப் பூசைக்கு வருகிறவர்களிடம் அக்கா அந்த வார்த்தையைச் சொல்வாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

போன மார்கழிப் புயலில் அவள் வீட்டுக் கூரை ஷீட் பறந்துவிட்டது. சரிசெய்யப் போயிருந்தேன். நனைந்த துணிகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அவுரு என்னை 'அவ'ன்னு சொன்னதே இல்லடா. ஊருக்கு முன்னாடியும் செல்வின்னுதான் சொல்வாரு. நீ சொன்ன அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன்க்கா எல்லார்கிட்டயும் சொன்ன?"

"நீ சொன்னதாச்சே."

ஈரத்தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டைப் பற்றி, தக்கையைப் பார்த்துப் பேசியதைப் பற்றி, சிரித்ததைப் பற்றி. அவள் ஒரு புடவையை நான்காக மடித்துக் கொடியில் போட்டாள்.

"பூட்டுனது நீன்னு எனக்குத் தெரியாதா? கதவுக்கு அந்தப் பக்கம் ஒன் செருப்பு சத்தம் கேக்கும். கல்யாணத்தன்னிக்கே அவுருகிட்ட சொல்லிட்டேன்."

அப்படியானால் நான் ஓடிவந்த அன்று, சாப்டியா என்று கேட்டபோது, நீங்கள் தெரிந்துதான் கேட்டீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் தெரிந்தே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"நான் சொன்னது அவுரு காதுல விழுந்திருக்குமாக்கா?"

"அது எனக்குத் தெரியாது," என்றாள். ஆறுதலுக்காகக்கூட வேறு மாதிரி சொல்லவில்லை. அதற்காகவே அவள் மேல் எனக்கு மரியாதை கூடிற்று.

சில மத்தியானங்களில் உங்களிடமிருந்து ஓர் 'உம்' கேட்கிறது. அன்றும் ஒரு தடவை கேட்டது என்றே நினைக்கிறேன். கொடுவா வரும் என்றதற்கு வந்த 'உம்'மா, தப்புதான் என்றதற்கு வந்ததா என்று மட்டும் பிரிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் அக்காவைப் பார்க்க பஸ்ஸில் வரும்போது, பக்கத்து சீட்டுக்காரர் கண்ணயர்ந்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. முழங்கையால் இடித்துவிடுகிறேன். போன வாரம் ஒருவர் திடுக்கிட்டு விழித்து, "ஏங்க, ஆலப்பாக்கம் வந்துடுச்சா?" என்றார்.

"இல்லீங்க, இன்னும் இருக்கு. தூங்குங்க," என்றேன்.

அவர் மறுபடி கண்ணை மூடினார். அவர் இறங்கும்வரை, சட்டைப் பை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.